ஆன்லைனில் பொருள் விற்கும்போது பணத்தை எந்த வழியில் வாங்குவது?

ஆன்லைன் மோசடி என்றாலே நமக்கு வாங்குகிறவர் ஏமாறுவதுதான் நினைவுக்கு வரும். போன் ஆர்டர் செய்தவருக்குப் பெட்டியில் செங்கல் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். விற்கிறவர் ஏமாறுவதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. ஆனால் அடி அவருக்குத்தான் பலமாக விழும். வாங்குகிறவருக்குப் போவது கொடுத்த பணம். விற்கிறவருக்குப் பொருளும் போகலாம், கணக்கில் ஏற்கெனவே இருந்த பணமும் போகலாம், சில நேரம் கணக்கே முடங்கிப் போகலாம்.

யுபிஐ, ரொக்கம், வங்கிப் பரிமாற்றம், காசோலை, பேமெண்ட் லிங்க், கேஷ் ஆன் டெலிவரி என்று பணம் வாங்க இன்று பல வழிகள் இருக்கின்றன. இதில் எது பாதுகாப்பு என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. வீட்டுக்கு வந்து பழைய கட்டிலைத் தூக்கிப்போகிறவரிடமும், கோயம்புத்தூரிலிருந்து புடவைக்கு ஆர்டர் போடுகிறவரிடமும் ஒரே வழியில் பணம் வாங்க முடியாது.

ஒவ்வொரு வழியையும் நான் மூன்று கேள்விகளால் எடைபோடுகிறேன். பணம் வந்துவிட்டதை நானே பார்க்க முடியுமா, அல்லது வாங்குகிறவர் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? வந்த பணம் பிறகு திரும்பிப் போக வழி இருக்கிறதா? பணம் உறுதியாகும் நேரத்தில் பொருள் யார் கையில் இருக்கும்? இந்த மூன்றில் முதல் கேள்விதான் முக்கியம். நான் பார்த்த, கேட்ட ஏமாற்று வேலைகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் நடக்கின்றன.

யுபிஐ

மூன்று கேள்விக்கும் யுபிஐ நல்ல பதிலே சொல்கிறது. பணம் சில நொடிகளில் நம் கணக்குக்கு வந்துவிடும். வந்ததை நம் போனிலேயே பார்க்கலாம். அனுப்பியவர் நினைத்தபோது அதைத் தானாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. பொருள் அதுவரை நம்மிடமே இருக்கும். பிறகு எப்படி இத்தனை பேர் இதில் ஏமாறுகிறார்கள்? பணம் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே ஆப், ஒரே க்யூஆர் கோடு, ஏறக்குறைய ஒரே மாதிரித் திரை. ஏமாற்றுகிறவர் அந்த ஒற்றுமையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்.

தாம்பரத்தில் ஒருவர் தன் பழைய வாஷிங் மெஷினை 9,500 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்திலேயே அழைப்பு வருகிறது.

“சார், நான் ஆர்மில இருக்கேன். ஆவடிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி வர்றேன். மெஷினை நான் எடுத்துக்கறேன், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க.”

“வந்து ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்.”

“ட்யூட்டில இருக்கேன் சார், வர முடியாது. வண்டி அனுப்பி எடுத்துக்கறேன். முழுப் பணமும் இப்பவே போட்டுடறேன். முதல்ல ஒரு ரூபாய் அனுப்பறேன், வந்துச்சான்னு பாத்து சொல்லுங்க.”

ஒரு ரூபாய் உண்மையாகவே வருகிறது. கூடவே வாட்ஸ்அப்பில் ராணுவ உடையில் ஒரு படமும் அடையாள அட்டையும் வருகின்றன. அடுத்து ஒரு க்யூஆர் கோடு. “இதை ஸ்கேன் பண்ணுங்க சார், 9,500 உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்.” ஸ்கேன் செய்தால் திரையில் 9,500 ரூபாய் தெரிகிறது, கீழே யுபிஐ பின் கேட்கிறது. விற்பவர் பின்னைப் போடுகிறார். அவர் கணக்கிலிருந்து 9,500 ரூபாய் போய்விடுகிறது. பதறிப்போய்க் கேட்டால், “ஏதோ தப்பாயிடுச்சு சார், லைன்லயே இருங்க, ரிஃபண்டுக்கு வேற கோடு அனுப்பறேன்” என்று அதே குரல் பொறுமையாகச் சொல்கிறது. அந்தக் கோடும் பணத்தை எடுக்கும் கோடுதான்.

இதில் கவனிக்க வேண்டிய முதல் அறிகுறி க்யூஆர் கோடு வருவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. அவர் பேரம் பேசவில்லை. நம் ஊரில் பழைய வாஷிங் மெஷின் வாங்க வருகிறவர், “டிரம் சத்தம் போடுதா, எத்தனை வருஷம் ஆச்சு, எட்டுக்குக் குடுங்க” என்று ஆரம்பிப்பார். பார்க்காமல், விலை குறைத்துக் கேட்காமல், முழுப் பணத்தையும் முன்பே கொடுக்கத் துடிக்கிறவரை நான் வாடிக்கையாளர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இரண்டாவது, அந்த ஒரு ரூபாய். அதை ஒரு சோதனை போலக் காட்டுகிறார்கள். அது சோதிப்பது எதையும் இல்லை, நம் நம்பிக்கையைச் சம்பாதிப்பதற்கு மட்டும்தான். ஒரு ரூபாயை நம் எண்ணுக்கு எந்த க்யூஆர் கோடும் இல்லாமல் அனுப்ப முடிந்தவருக்கு, மீதி 9,499 ரூபாயை அதே வழியில் அனுப்புவதில் என்ன தடை? இந்தக் கேள்வியை அவரிடமே கேட்டுவிடலாம். பெரும்பாலும் அழைப்பு அங்கேயே துண்டிக்கப்பட்டுவிடும்.

யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை. ஸ்கேன் செய்வதும், பின் போடுவதும் பணம் கொடுப்பவர் செய்கிற வேலைகள். விற்பவர் தன் க்யூஆர் கோடையோ போன் எண்ணையோ கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும், பணம் வரும். ‘கலெக்ட் ரிக்வஸ்ட்’ எனப்படும் பணம் கேட்கும் கோரிக்கையை வைத்தும் முன்பு இதே ஏமாற்று நிறைய நடந்தது. தனிநபர் இன்னொரு தனிநபரிடம் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் நிறுத்திவிட்டது. நல்ல முடிவு. ஆனால் க்யூஆர் கோடு வழி அப்படியே இருக்கிறது, அதனால் எச்சரிக்கையைத் தளர்த்த இடமில்லை.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட். இது நேரில் வருகிறவரும் செய்வார், தூரத்திலிருந்து ஆர்டர் போடுகிறவரும் செய்வார். பச்சை டிக் போட்ட படத்தை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். அசல் ஆப் போலவே திரை காட்டி, சத்தமும் எழுப்பும் போலி ஆப்களும் இருக்கின்றன. ஆகவே வாங்குகிறவரின் போன் திரை எனக்குச் சாட்சி இல்லை. என் போனில் வரும் எஸ்எம்எஸ்ஸும் முழுச் சாட்சி இல்லை. பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து “உங்கள் கணக்கில் வரவு” என்று வந்தால் அது வங்கி அனுப்பியது அல்ல. வங்கிச் செய்திகள் எழுத்துகளால் ஆன பெயரில் வரும்; 2025 மே முதல் அந்தப் பெயரின் கடைசியில் செய்தி எந்த வகை என்று காட்டும் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பரபரப்பில் இதையெல்லாம் யார் உற்றுப் பார்ப்பது? வங்கி ஆப்பைத் திறந்து கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே உறுதியான வழி. கடை வைத்திருப்பவர் என்றால், பணம் வந்ததைக் குரலில் சொல்லும் சவுண்ட்பாக்ஸ் வாங்கி வைப்பது உதவும், அது நம் கணக்கோடு இணைந்தது. வாங்குகிறவர் போனிலிருந்து எழும் சத்தத்தைச் சவுண்ட்பாக்ஸ் சத்தம் என்று நினைத்துவிடாமல் இருந்தால் சரி.

“எனக்குப் பணம் கட்டாயிடுச்சு, உங்களுக்கு வரலைன்னா சர்வர் ப்ராப்ளம்தான், பொருளைக் குடுங்க, வந்துடும்” என்று சிலர் வாசலில் நின்று கேட்பார்கள். உண்மையாகவே அப்படி நடப்பதும் உண்டு, எல்லாரையும் திருடர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கு ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. நபருக்கு நபர் அனுப்பிய யுபிஐ பணம் சேராமல் போனால் மறுநாளுக்குள் அனுப்பியவர் கணக்குக்கே அது திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். அதனால் வாங்குகிறவருக்கு நஷ்டம் எதுவும் வராது. பொருளைக் கொடுத்துவிட்ட பிறகு பணம் அவருக்கே திரும்பிப் போனால் நஷ்டம் நமக்கு. “சார், பணம் வந்ததும் சொல்றேன், அப்போ வந்து எடுத்துக்கோங்க” என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொரு தந்திரம், கூடுதலாக அனுப்பிவிட்டதாகச் சொல்வது. 1,500 ரூபாய்க்குப் பதிலாக 15,000 போட்டுவிட்டேன், மீதியை அனுப்புங்கள் என்று கெஞ்சுவார்கள், “ஆஸ்பத்திரில இருக்கேன் அக்கா” என்பார்கள். பெரும்பாலும் வந்தது போலி எஸ்எம்எஸ் மட்டும்தான், பணம் வந்திருக்காது. உண்மையாகவே வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அது வேறொருவரை ஏமாற்றி எடுத்த பணமாக இருக்கலாம். அவர் சொல்லும் புது எண்ணுக்கு நாம் அனுப்பினால், திருட்டுப் பணத்தைக் கைமாற்றிவிட்ட ஆளாக நம் பெயர் பதிவாகும். வங்கிக்குத் தெரிவித்து, வந்த கணக்குக்கே திருப்பிவிடச் சொல்ல வேண்டும். அவசரம் அவருக்கு இருக்கலாம், நமக்கு இல்லை.

ரொக்கம்

நேரில் வந்து எடுத்துப்போகும் பொருளுக்கு ரொக்கம் இன்றும் நல்ல வழிதான். ஸ்கிரீன்ஷாட் இல்லை, க்யூஆர் இல்லை, கணக்கு முடங்கும் பயம் இல்லை. எண்ணி வாங்கிக்கொண்டால் முடிந்தது.

கவனிக்க வேண்டியது நோட்டைத்தான். 500 ரூபாய் நோட்டில் நடுவே போகும் பாதுகாப்பு இழை, சாய்த்துப் பார்த்தால் பச்சையிலிருந்து நீலமாக மாறும். முன்பக்கம் கீழே வலப்புறம் இருக்கும் 500 என்ற எண்ணும் அப்படியே மாறும். இடது, வலது ஓரங்களில் ஐந்து ஐந்து கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். இரவில், வாசலில், மங்கலான வெளிச்சத்தில் இதையெல்லாம் பார்க்க முடியாது. அதனால் பகலில் வரச் சொல்வது நல்லது. கள்ள நோட்டை வங்கியில் கொடுத்தால் முத்திரை குத்திப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அதற்கு ஈடாகப் பணம் தரமாட்டார்கள். ஒரே தடவையில் ஐந்து நோட்டோ அதற்கு மேலோ இருந்தால் போலீசில் வழக்கும் பதிவாகும். 2000 ரூபாய் நோட்டு கொடுத்தால் வாங்காமல் இருப்பதே மேல். ரிசர்வ் வங்கி 2023 மே மாதம் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தாகிவிட்டது.

தொகை இருபது, முப்பதாயிரத்தைத் தாண்டினால் என் யோசனை வேறு. வாங்குகிறவரை உங்கள் வங்கிக் கிளைக்கு வரச் சொல்லுங்கள். அங்கேயே பணத்தை வாங்கி, பணம் செலுத்தும் இயந்திரத்திலோ கவுண்டரிலோ போட்டுவிட்டால் நோட்டுச் சோதனையும் முடிந்தது, பையில் பணத்தோடு வீடு திரும்பும் பயமும் இல்லை. உண்மையான வாடிக்கையாளர் இதற்கு மறுப்புச் சொல்வது அபூர்வம். ஆனால் ஒரே ஆளிடம், ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வருமான வரிச் சட்டப்படி, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் ரொக்கத்தைக் கைநீட்டி வாங்கிய விற்பவருக்கு. பழைய கார் விற்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வங்கிப் பரிமாற்றம், காசோலை

யுபிஐயில் நபருக்கு நபர் ஒரு நாளைக்குப் பொதுவாக 1 லட்சம் வரைதான் அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் ஐஎம்பிஎஸ், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்ற மூன்று வங்கிப் பரிமாற்ற முறைகள். வாங்குகிறவருக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை, விற்பவருக்கு உண்டு.

ஐஎம்பிஎஸ் உடனே சேரும், 5 லட்சம் வரை அனுப்பலாம், வங்கிகள் இதைவிடக் குறைவாகவும் வரம்பு வைத்திருக்கும். ஆர்டிஜிஎஸ் 2 லட்சத்திலிருந்து தொடங்கும், அதுவும் உடனுக்குடன் தீர்வது. இரண்டும் இப்போது இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகின்றன. நெஃப்ட் அப்படி இல்லை. 2019 டிசம்பர் முதல் அதுவும் நாள் முழுக்க நடந்தாலும், அரை மணிக்கு ஒரு தொகுப்பாகத்தான் போகும், கணக்கில் ஏற அதற்கு மேலும் நேரம் பிடிக்கலாம். “நெஃப்ட் போட்டுட்டேன், இதோ ரெஃபரன்ஸ் நம்பர்” என்று ஒருவர் காட்டும் திரை உண்மையாகவே வங்கி ஆப்பாகவும் இருக்கலாம். ஆனால் அது நாளைக்குப் போகும்படி தேதி குறித்து வைத்ததாகவும் இருக்கலாம், அவர் வீட்டுக்குப் போய் அதை ரத்துசெய்துவிடலாம். அதனால் கை மேல் பொருள் கொடுக்கும் விற்பனைக்கு ஐஎம்பிஎஸ்ஸோ ஆர்டிஜிஎஸ்ஸோ கேளுங்கள். நெஃப்ட் என்றால் பணம் ஏறும்வரை உட்கார வைத்து டீ கொடுங்கள்.

வண்டி விற்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் ஆர்சி புத்தகம், சாவி, பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்திட்ட படிவம் 29, 30 எல்லாம் கைமாற வேண்டும். “ஓட்டிப் பாத்துட்டு வரேன்” என்றால் கூடவே ஓர் ஆள் உட்கார்ந்து போக வேண்டும். படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமல் வண்டியை ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் செய்யும் விபத்துக்கும் அபராதத்துக்கும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

காசோலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவரிடம் வாங்கவே வேண்டாம். 2025 அக்டோபருக்குப் பிறகு காசோலைத் தீர்வு வேகமாகியிருக்கிறது என்பது உண்மை. இருந்தாலும் போட்டதும் கணக்கில் தெரியும் தொகையும், எடுத்துச் செலவு செய்யக்கூடிய தொகையும் ஒன்றல்ல. அந்த இடைவெளியில் பொருளை வாங்கிக்கொண்டு போய்விடுவதுதான் திட்டம். காசோலை திரும்பினால் வழக்குப் போடலாம், சட்டம் இருக்கிறது. ஒரு பழைய சோபாவுக்காகக் கோர்ட் படி ஏற யாருக்கு நேரம்? டிமாண்ட் டிராஃப்ட் என்றால் அதைக் கொடுத்த வங்கிக் கிளையில் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் நம்பலாம். போலி டிராஃப்ட்டும் உலவுகிறது.

தூரத்து வாடிக்கையாளர்: முன்பணமா, கேஷ் ஆன் டெலிவரியா?

வீட்டிலிருந்தே புடவை, பொடி வகை, நகை, கைவினைப் பொருள் விற்கும் பெண்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் படம், வாட்ஸ்அப்பில் ஆர்டர், கூரியரில் அனுப்புதல். இவர்கள் எடுக்க வேண்டிய முடிவுதான் இருப்பதிலேயே கடினமானது, ஏனென்றால் யாராவது ஒருவர் முதலில் நம்பியாக வேண்டும்.

முன்பணம் வாங்கினால் விற்பவருக்குப் பாதுகாப்பு, வாங்குகிறவருக்குப் பயம். கேஷ் ஆன் டெலிவரி என்றால் நேர்மாறு. முன்பெல்லாம் வி.பி.பி.யில், அதாவது தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பொருளை வாங்கும் முறையில், புத்தகமும் மருந்தும் வரவழைத்த காலத்திலும் இதே சிக்கல் இருந்தது. தபால்காரர் வீட்டு வாசலில் நிற்கும்போது “நான் கேக்கலையே” என்று திருப்பி அனுப்பியவர்கள் அன்றும் இருந்தார்கள்.

கேஷ் ஆன் டெலிவரியில் பண மோசடி நேரடியாக நடப்பது குறைவு, கூரியர் நிறுவனமே பணத்தை வாங்கி நமக்கு அனுப்பிவிடும். இழப்பு வேறு வழியில் வரும். பொய் ஆர்டர், வாசலில் மறுப்பு, அப்புறம் போகவும் வரவும் கூரியர் செலவு நம் தலையில். திரும்பி வரும் பெட்டியில் நாம் அனுப்பிய புடவைக்குப் பதில் பழைய புடவை இருப்பதும் நடக்கிறது. 700 ரூபாய்ப் பொருளில் 150 ரூபாய் லாபம் பார்க்கிறவருக்கு இப்படி இரண்டு பெட்டி திரும்பினால் பத்து நாள் உழைப்பு போச்சு.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு, பல சிறு விற்பனையாளர்கள் அதைத்தான் பிடித்திருக்கிறார்கள். கூரியர் செலவை மட்டும் யுபிஐயில் முன்பே வாங்கிக்கொண்டு, பொருளின் விலையை டெலிவரியில் வாங்குவது. 80 ரூபாய் முன்பே கட்டியவர் விளையாட்டுக்கு ஆர்டர் போட்டவராக இருக்க மாட்டார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. பெயர் பிடித்து, பழைய வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகு முழு முன்பணத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

முழு முன்பணம் வாங்குகிறவர்களுக்குத் தீபாவளி நேரம்தான் சோதனை. ஒரே இரவில் வாட்ஸ்அப்பில் வரிசையாக ஸ்கிரீன்ஷாட் வந்து குவியும். படத்தைப் பார்த்து “ஓகே சிஸ், பேமெண்ட் ரிசீவ்டு” என்று பதில் போட்டுவிட்டு மறுநாள் கூரியர் கட்டுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். தொகையைத் திருத்திய படம் வரும். போன மாதம் கட்டிய படத்தைத் தேதி மாற்றி அனுப்புவார்கள். தோழி கட்டிய ஒரே பணத்தின் படத்தை இரண்டு பேரும் அனுப்புவார்கள். இதற்கு மருந்து கணக்குப் பட்டியல். ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. மாலையில் வங்கிக் கணக்குப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆர்டர் நோட்டில் அந்த எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பெயருக்கு எதிரே குறித்துவிட்டு, டிக் விழுந்த ஆர்டரை மட்டும் பேக் செய்யுங்கள். ஒரே எண் இரண்டு பெயருக்கு எதிரே வந்தால் உடனே தெரிந்துவிடும். பணம் அனுப்பும்போது குறிப்பில் ஆர்டர் எண்ணைப் போடச் சொன்னால் வேலை இன்னும் சுலபம்.

பேமெண்ட் லிங்க் எப்படி? ரேசர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற, பணம் வசூலித்துத் தரும் நிறுவனங்களில் கணக்குத் திறந்தால் ஆர்டருக்கு ஒரு லிங்க் அனுப்பலாம். பணம் வந்ததா என்பதை அந்த நிறுவனமே நம் கணக்கில் காட்டும், ஸ்கிரீன்ஷாட் பேச்சுக்கே இடமில்லை. கார்டு வைத்திருப்பவர்களும் கட்டலாம். கட்டணம் பொதுவாக 2 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பணம் நம் வங்கிக்கு வர இரண்டொரு நாள் ஆகும். குறை என்னவென்றால், இதில் என் இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் பலவீனம். கார்டில் கட்டியவர் “பொருள் வரவில்லை” என்றோ “நான் கட்டவே இல்லை” என்றோ தன் வங்கியில் முறையிடலாம், சில மாதம் கழித்துக்கூட. அதை சார்ஜ்பேக் என்பார்கள். அப்போது நம்மிடம் கூரியர் ரசீதும், டெலிவரி ஆன சான்றும், பேக் செய்யும்போது எடுத்த வீடியோவும் இல்லையென்றால் பணம் நம்மிடமிருந்து பிடித்துக்கொள்ளப்படும். மாதம் சில ஆர்டர் மட்டும் உள்ளவருக்கு இது தேவையில்லை. தினமும் ஆர்டர் வருகிறவர் அந்த 2 சதவீதத்தைத் தயங்காமல் கொடுக்கலாம், மாலை நேரக் கணக்குச் சரிபார்ப்பு மிச்சம்.

அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ வழியே விற்றால் பணம் வாங்கும் பொறுப்பே நம்மிடம் இல்லை. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்களும் 2023 அக்டோபர் முதல் தங்கள் மாநிலத்துக்குள் இப்படி விற்க விதி இடம் தருகிறது. அங்கே தொல்லை ரிட்டர்னில் வரும், பணத்தில் அல்ல. பழைய போன் விற்க நினைப்பவர்களுக்கும் இதே வகையில் ஒரு வழி இருக்கிறது: கேஷிஃபை போல வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு பணம் கொடுக்கும் நிறுவனங்கள். நேரடியாக விற்றால் கிடைப்பதைவிட விலை குறைவாகத்தான் கிடைக்கும். வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில், தெரியாதவர்கள் வந்து போவதைவிட அந்தக் குறைந்த விலையே எனக்குச் சரி என்று படுகிறது.

எந்த வழியாக இருந்தாலும் ஏற்கக் கூடாதவை சில இருக்கின்றன. “கூரியர் கம்பெனி லிங்க், இதுல உங்க கார்டு நம்பர் போட்டா பணம் வந்துடும்” என்று வரும் எதுவும். பணம் வர கார்டின் பின்பக்க மூன்று இலக்க எண்ணோ ஓடிபியோ ஒருபோதும் தேவைப்படாது. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது போனில் ஆப்பை நிறுவும் கோப்பு. “ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க, நான் சரி பண்ணித் தரேன்” என்று எனிடெஸ்க் போன்ற ஆப்பை இறக்கச் சொல்வது. இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் எண்ணை பிளாக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

என் தேர்வு

ஒரே ஒரு தடவை விற்கும் வீட்டுப் பொருள், இருபதாயிரத்துக்குள் என்றால்: வாங்குகிறவர் நேரில் வர வேண்டும், ரொக்கமோ யுபிஐயோ, என் வங்கி ஆப்பில் பார்த்த பிறகு பொருள். “ஆள் அனுப்பறேன்” என்கிறவருக்கு விற்க மாட்டேன், விலை ஆயிரம் கூடுதலாகக் கிடைத்தாலும். அதற்கு மேல் 1 லட்சம் வரை யுபிஐ அல்லது ஐஎம்பிஎஸ், முடிந்தால் வங்கிக் கிளையில். வண்டி, நகை போன்றவற்றுக்கு ஐஎம்பிஎஸ் அல்லது ஆர்டிஜிஎஸ், வாங்குகிறவர் தன் கணக்கிலிருந்து மட்டும் அனுப்ப வேண்டும், ஆதார் நகல் வாங்கி ஒரு விற்பனை ரசீதில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

“தன் கணக்கிலிருந்து மட்டும்” என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யாரோ மூன்றாம் ஆள் கணக்கிலிருந்து வரும் பணம் மோசடிப் பணமாக இருந்து, பறிகொடுத்தவர் புகார் செய்தால், அந்தப் பணம் போன பாதையிலுள்ள கணக்குகளெல்லாம் முடக்கப்படுகின்றன. நேர்மையாக ஒரு பொருளை விற்று, சரியான விலை வாங்கிய கடைக்காரர்களும் இப்படி மாட்டியிருக்கிறார்கள். சம்பளமும் கடன் தவணையும் போகும் கணக்கில் விற்பனைப் பணத்தை வாங்காமல், அதற்கென்று தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. யுபிஐயும் அந்தக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும், அதில் சேர்வதை அவ்வப்போது மாற்றிவிடலாம். க்யூஆர் ஏமாற்றில் சிக்கினாலும் போவது அதில் கிடக்கும் கொஞ்சம் பணம்தான்.

போய்விட்டால்

1930. இதுதான் சைபர் குற்ற உதவி எண், எந்த நேரமும் அழைக்கலாம். சைபர்க்ரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள்தான் அதிகம், அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதால் முதல் ஒரு மணி நேரம்தான் உயிர். அழைக்கும்போது வங்கிப் பெயர், கணக்கு எண், பரிமாற்றத்தின் 12 இலக்க எண், தொகை, நேரம், அவர் பேசிய போன் எண், யுபிஐ முகவரி எல்லாம் கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அதே நேரம் வங்கிக்கும் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் கவனக்குறைவால் போன பணத்தில் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையது, தெரிவித்த பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. பின்னை நாமே போட்டது கவனக்குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். அதனால் அந்த நிமிடமே தெரிவிப்பது அடுத்த இழப்பையாவது நிறுத்தும்.

உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருந்தால் கிளைக்கு நேரில் போய், எந்த ஊர் சைபர் போலீஸ், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகைக்கு முடக்கம் என்பதை எழுத்தில் கேளுங்கள். விற்பனை ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கூரியர் ரசீது, வாங்கியவரின் அடையாள நகல் இவற்றை இணைத்து அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், நகலை வங்கிக்கும் போடுங்கள். புகாருக்குரிய தொகையை மட்டும் பிடித்துவைத்துவிட்டு மீதியை விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். வங்கி 30 நாளில் பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.